அகத்திணைப் பூக்கள்: முடிச்சூர்க் கூடம் ஒன்றில் நிகழ்ந்த ஒளியியல் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பூவைப் படம் எடுக்கச் செடியிடம் போவது உலக வழக்கு. பூவை வீட்டுக்குள் கொண்டுவந்து, பின்னால் ஒரு வண்ணத் தாளை நிறுத்தி, பட்டப்பகலில் ஃபிளாஷ் அடித்து எடுப்பது சிலர் வழக்கு. அந்தச் சிலரில் ஒருவர் முடிச்சூரில் இருக்கிறார். அவரே இக்கட்டுரையாளர்.

“வெயில் இவ்வளவு அடிக்குது, அப்புறம் எதுக்குங்க லைட்டு?” என்று அவருடைய மனைவி கேட்ட கேள்வியிலிருந்து இவ்வாய்வு தொடங்குகிறது. வாய்மொழியாகச் சொன்ன பதில்கள் எதுவும் எடுபடாததால் இப்போது எழுத்தில் சமர்ப்பிக்கப்படுகிறது.

ஒன்றை ஆராய வேண்டுமென்றால் முதல், கரு, உரி என்று பகுத்துக்கொள்வது நம் மரபு. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்நிலத்தில் கிடக்கும் பொருள்கள். உரி என்பது அங்கே மனிதர்கள் படும் பாடு. அகம் என்ற சொல்லுக்கு உள்ளம் என்றும் பொருள், வீடு என்றும் பொருள். உரையாசிரியர்கள் உள்ளத்தைப் பிடித்துக்கொண்டு காதல் பக்கம் போய்விட்டார்கள். வீடு அப்படியே விடப்பட்டுக் கிடக்கிறது. அந்தக் குறையை நிரப்பவே இக்கட்டுரை. ஆகவே இங்கே அகத்திணை என்பது வீட்டுக்குள் வந்த பூவைப் பற்றியது என்று கொள்க.

கருதுகோள் ஒன்றுதான்: பூவைப் படம் எடுப்பதாகச் சொல்பவர் உண்மையில் எடுப்பது பின்புலத்தை.

2. ஆய்வுக்களம்

முடிச்சூர் தாம்பரத்துக்கு மேற்கே இருக்கிறது. அடையாறு என்றதும் திரு.வி.க. பாலமும் கடலும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்த ஆறு அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால் எங்கள் பக்கமாகத்தான் வருகிறது. வண்டலூரில் கிளம்பி மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையும் எங்களை உரசிக்கொண்டுதான் போகிறது. இதனால் இவ்வூர்ப் பூக்களில் மகரந்தத்தோடு லாரிப் புழுதியும் சரிபாதி உண்டு.

வெளியே எடுக்காததற்குப் புழுதி முதல் காரணம். மதியத்துக்கு மேல் புகும் கடல்காற்று இரண்டாவது காரணம். நெருங்கிப் போய் எடுக்கும்போது அரை அங்குல அசைவு என்பது பூவுக்கு நடனம், படத்துக்கு நிலநடுக்கம். மூன்றாவது காரணம் சமூகவியல் சார்ந்தது. அடுத்த வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் தொங்கும் செம்பருத்திக்கு முன்னால் ஒரு நடுவயது ஆள் கேமராவோடு இருபது நிமிடம் குனிந்து நின்றால், அந்த வீட்டார் பூவை நினைக்க மாட்டார்கள்.

இனி, வீட்டுக்குள் என்பதன் வரையறை. வாசற்படிக்கு இப்பால் உள்ளது அகம். ஆனால் முடிச்சூரில் படி என்பது நிலையான அளவு அன்று. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு ஒரு சாண் உயர்கிறது, வீடு ஒரு படி தாழ்கிறது. நான்கு படியோடு கட்டிய வீடு இன்று ஒரு படியில் நிற்கிறது. புதிதாகக் கட்டுகிறவர்கள் ஏழு எட்டுப் படி வைக்கிறார்கள். ஒரு வீடு 2015-க்கு முன் எழுந்ததா, பின் எழுந்ததா என்று கண்டுபிடிக்கக் கல்வெட்டு வேண்டாம். படிகளை எண்ணினால் போதும். அவ்வாண்டு டிசம்பரில் உள், வெளி என்ற இந்த வரையறை சில நாள் செல்லாமல் போனது. அது பின்னிணைப்பில் பேசப்படும்.

3. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் முன்னோடி கபிலர். குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளுக்குள் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார் என்று எல்லா மேடையிலும் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். அப்பாட்டில் வரும் பெண்கள் பறித்த பூவை எதன்மேல் குவித்தார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. மழை கழுவிவிட்ட அகன்ற பாறையின்மேல் குவித்தார்கள். அதாவது சாம்பல் நிறம், பளபளப்பு இல்லை, தூசி இல்லை. பூவின் வண்ணத்தோடு போட்டி போடாத பின்புலம். இன்றைக்குக் கடையில் சாம்பல் அட்டை என்று விலை சொல்லி விற்கிற பொருள் அதுதான்.

அடுத்து ரங்கையாவும் கோவிந்துவும். கும்பினி மருத்துவராக வந்து தாவரவியலில் இறங்கிய ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட்டுக்காகச் சென்னை மாகாணத்துச் செடிகளை வரைந்தவர்கள் இவர்கள். 1838-லிருந்து 1853 வரை பகுதி பகுதியாக வந்த அவருடைய படத்தொகுதியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள். எல்லாவற்றுக்கும் பின்புலம் வெறும் தாள்தான். மண் இல்லை, வானம் இல்லை, வேலி இல்லை. வைட் மகிழ்ந்துபோய் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். பின்னால் வந்த அறிஞர்கள் அதை வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டதால் பெயர் நிலைக்கவில்லை. பூவைப் பின்புலத்திலிருந்து பிரித்த ஓவியரின் பெயரைப் பூவிலிருந்து பிரித்துவிட்டார்கள்.

ஜெர்மனியில் கார்ல் புளோஸ்ஃபெல்ட் என்ற ஆசிரியர் செடித்துண்டுகளை வெற்று அட்டைக்கு முன்னால் நிறுத்திப் பல மடங்கு பெரிதாக எடுத்து 1928-ல் புத்தகமாகப் போட்டார். அவர் ஃபிளாஷ் போடவில்லை. அதே நாட்டில் 1887-லேயே மீத்தே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கும் முறையைக் கொண்டுவந்திருந்தார்கள். படம் பிடிபட்டதோடு புருவமும் பொசுங்கிய காலம் அது.

ஆனால் வீட்டுக்குள், செயற்கை வெளிச்சத்தில், வண்ணத்திரைக்கு முன்னால் பூவைப் படம் எடுக்கும் கலையை மக்கள் இயக்கமாக வளர்த்தது தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களே. சான்று: பூ ஜடைப் படம்.

சித்திரை, வைகாசியில் மல்லி மலிந்து கிடக்கும்போது வீட்டுப் பெண்குழந்தையைப் பிடித்து உட்காரவைத்துப் பின்னலின்மேல் பூ தைப்பார்கள். வாழைமட்டையில் ஊசி நூலால் மொட்டுகளை நெருக்கி வரிசை வரிசையாகக் கோத்து, நடுவில் கனகாம்பரத்தால் ஒரு கோடு விட்டு, கீழே குஞ்சலம் கட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். பிறகு குழந்தை ஆட்டோவில் சாயாமல் உட்கார்ந்து ஸ்டுடியோவுக்குப் போகும். அங்கே சிக்கல் என்னவென்றால், முகம் முன்னால் இருக்கிறது, பூ பின்னால் இருக்கிறது. தமிழன் கண்ட தீர்வு கண்ணாடி. குழந்தையை முக்கால் வாட்டமாக நிறுத்தி, பின்னால் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்துவைத்தால் முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழும். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கண்ணாடியை இரண்டு விரல்கடை சாய்க்காவிட்டால் ஜடைக்குப் பதில் ஃபிளாஷ் குடையும் ஸ்டுடியோக்காரரின் வயிறும் பதியும் என்பது அனுபவத்தில் இருக்கிறது.

அந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள். பின்னால் திரையில் அரண்மனைத் தோட்டம். அதில் வரைந்த ரோஜா. பக்கத்தில் ஸ்டூலின்மேல் ஜாடி. அதில் பிளாஸ்டிக் பூ. ஜடையில் தைத்த பூ. கண்ணாடிக்குள் அதன் நிழல். ஒரே சட்டத்தில் நான்கு வகைப் பூ. நான்கில் மறுநாள் வாடுவது ஒன்றுதான். படம் எடுத்ததும் அந்த ஒன்றுக்காகத்தான். குழந்தை அங்கே வெறும் ஸ்டாண்டு. “கழுத்து வலிக்குதும்மா” என்று அது சொன்னது படத்தில் பதிவாகவில்லை.

4. மருதம்: விடியலும் ஊடலும்

இனி நம் கூடத்துக்கு வருவோம். மருதத்துக்கு உரிய பொழுது வைகறை, உரிப்பொருள் ஊடல். இரண்டும் இவ்வீட்டில் அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன.

ஒரு முடிச்சூர் வீட்டில் விடியும்போது பூவுக்கு உரிமை கோருவோர் மூவர்: சாமி, கூந்தல், கேமரா. வரிசையும் அதுவே. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, சங்குப்பூ ஆகியவற்றை ஆய்வாளரின் தாயார் ஐந்தரை மணிக்கே கூடையில் வாங்கிவிடுகிறார். எஞ்சுவது பவழமல்லி. இரவில் பூத்து விடியுமுன் உதிர்ந்துவிடுவது. தரையில் கிடப்பதாவது நமக்கு ஆகட்டும் என்று ஆய்வாளர் குனிந்தபோது மேலிருந்து தீர்ப்பு வந்தது:

“டேய், அதைத் தொடாதே. கீழே விழுந்தாலும் சாமிக்கு ஆகிற பூ அது ஒண்ணுதான்.”

“அம்மா, ஒரே ஒரு பூ.”

“நாளைக்குச் சாமி படத்திலேர்ந்து எடுத்துப் போடுவேன், அதை எடுத்துக்கோ.”

இவ்வாறு கேமராவுக்குக் கிடைப்பது நேற்றைய பூ. தமிழில் பூவின் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு: அரும்பு, முகை, போது, மலர், வீ, செம்மல் என்று. விரியப்போவது போது, உதிர்வது வீ, வாடியது செம்மல். ஆய்வாளரின் கணினியில் இருப்பவற்றில் பெரும்பகுதி செம்மல். தலைவர்களுக்குப் பட்டமாகவும் வாடிய பூவுக்குப் பெயராகவும் ஒரே சொல்லை வைத்த மொழியின் நுட்பத்தை அவர் தினமும் காலையில் வியக்கிறார்.

பூ கிடைத்ததும் பின்புலம். ஸ்டேஷனரி கடையில் வாங்கும் சார்ட் பேப்பர் பிரதானம். அதைச் சுருட்டித்தான் கொடுப்பார்கள். எவ்வளவு நேரம் விரித்துவைத்தாலும் தான் பிறந்த சுருளுக்கே திரும்பும். நாற்காலி முதுகில் துணி கிளிப் போட்டு நிறுத்த வேண்டும். இதில் இன்னொரு தொல்லை, வண்ணம் தொற்றுவது. நந்தியாவட்டையைச் சிவப்புச் சார்ட்டுக்கு ஒரு சாண் முன்னால் வைத்து ஃபிளாஷ் அடித்தால், தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சிவந்து, வெள்ளை இதழின் ஓரமெல்லாம் ரோஸ் ஏறிவிடும். தாளைத் தள்ளிவைத்தால் அது இருண்டு அரக்காகிவிடும். நெருங்கினாலும் தப்பு, விலகினாலும் தப்பு. இதுவும் ஊடல் இலக்கணமே.

சார்ட் பேப்பர் இருபது வண்ணத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் வேண்டுமென்றால் பீரோவைத் திறக்க வேண்டும். பட்டுப்புடவைக் கடையில் வழங்கும் வண்ணப் பெயர்களை எண்ணிப் பாருங்கள்: மாம்பழம், அரக்கு, வெங்காயத்தோல், பாக்கு, தேன், கிளிப்பச்சை, மயில்கழுத்து, எம்.எஸ். புளூ. இந்தப் பட்டியலில் வாடாமல்லியும் கனகாம்பரமும் கத்திரிப்பூவும் இருப்பதைக் கவனிக்க. பின்புலமே பூவின் பெயரில் இருக்கிறது. வாடாமல்லிப் புடவைக்கு முன்னால் வாடாமல்லியை வைத்து எடுத்தால் எது பூ, எது புலம்? மயில்கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். ஃபிளாஷைக் கொஞ்சம் நகர்த்தினால் பச்சை நீலமாகும். ஜரிகை மட்டும் ஆகாது. நேராக வெளிச்சம் பட்டால் படத்தில் வெள்ளை வெட்டு விழும்.

இந்த உண்மைகளை ஆய்வாளர் மூன்று நிமிடத்தில் கண்டறிந்தார். நான்காவது நிமிடம் மனைவி வந்தார்.

“என்னங்க இது, என் கல்யாணப் புடவை.”

“பின்னாடிதான் மா இருக்கு. தெரியவே தெரியாது, மங்கலாத்தான் விழும்.”

“தெரியவே தெரியாதுன்னா எதுக்கு எடுத்தீங்க?”

பின்புலம் பற்றிய கோட்பாட்டில் இதைவிடக் கூர்மையான கேள்வி இதுவரை எழுப்பப்படவில்லை.

5. முல்லை: மாலையும் இருத்தலும்

முல்லைக்குப் பொழுது மாலை; உரிப்பொருள் காத்திருத்தல். மல்லிகைக்கு இது இயற்கையிலேயே அமைந்துவிட்டது. காலையில் பறித்த மொட்டு மாலையில்தான் விரியும்.

ஆய்வுப்பொருள் கொள்முதல் பூக்காரம்மாவிடம். அளவை: முழம். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை என்பது ஏட்டில் உள்ள வரையறை. விலை ஏறும் நாளில் அந்தக் கை சற்று மடங்கும். பனிக்காலத்தில் மல்லி வரத்து குறைந்து, முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் கை இன்னும் மடங்கும்.

“படம் எடுக்கத்தான்மா, ரெண்டே மொட்டு போதும்.”

“ரெண்டு மொட்டுக்கு நான் எங்க சார் கை போட்டு அளக்கறது?”

ஒரு முழம் வாங்கி, இரண்டு மொட்டைப் பிரித்துக்கொண்டு, மீதியை வீட்டில் கொடுத்தபோது காலை ஊடல் தணிந்தது. பூ ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் முறை இதுதான் என்று இளம் ஆய்வாளர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மாலை ஆறரைக்கு மேல் மொட்டு நெகிழத் தொடங்குகிறது. அப்போது ஒரு சிக்கல்: மின்விசிறி. நிறுத்தினால் வீட்டார் வெளியேறுவர். ஓடினால் பூ ஆடும். ஷட்டரை வேகப்படுத்தலாமே என்பீர்கள். நொடியில் இருநூறில் ஒரு பங்கு அளவைத் தாண்டினால், கேமராவுக்குள் இருக்கும் இரண்டு திரைகளில் ஒன்று முழுதும் திறக்குமுன் மற்றது மூட வந்துவிடும். படத்தில் பாதி கறுப்புப் பட்டை விழும். ஃபிளாஷின் அருமை இங்கேதான். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஃபிளாஷ் மின்னும் நேரம் மிகச் சிறியது. திறனைக் குறைக்கக் குறைக்க அது இன்னும் சுருங்கி, நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும். அந்தப் பொழுதில் மல்லி மட்டுமல்ல, மின்விசிறியின் இறக்கையே அசையாமல் நிற்கும். அமெரிக்காவில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் இந்த வழியில் துப்பாக்கிக் குண்டை நிறுத்திக் காட்டினார். முடிச்சூரில் ஓரியண்ட் பங்காவை நிறுத்திக் காட்டியாயிற்று.

பிறகு காத்திருத்தல். நான்கு பென்சில் செல்லில் ஓடும் ஃபிளாஷ், தன் உள்ளே இருக்கும் மின்தேக்கியில் மின்னேற்றம் சேரும்வரை கீச்சென்று மெல்லக் கத்தும். செல் புதிதானால் நான்கு விநாடி; சுவர்க்கடிகாரத்திலிருந்து உருவிய செல் என்றால் ஒரு சீரியல் விளம்பர இடைவேளை. தலைவன் திரும்பும் தேரோசைக்காகத் தலைவி காத்திருந்ததும் ஏறக்குறைய இந்தச் சுருதியில்தான் இருந்திருக்கும்.

6. பாலை: நண்பகலும் பிரிதலும்

இத்திணையில் செய்தி குறைவு. நண்பகல், வெள்ளைப் பின்புலம், சிவப்புச் செம்பருத்தி. பின்புலம் வேட்டி, வெளிச்சத்தைத் திருப்ப ஒரு தெர்மகோல் அட்டை. (2017 ஏப்ரலில் வைகை அணையின் நீர் ஆவியாகாமல் இருக்க மிதக்கவிட்டு, காற்றில் கரை ஒதுங்கிய அதே பொருள். வெளிச்சத்தைத் திருப்புவதில் அது ஏமாற்றுவதில்லை.)

எடுத்த படத்தில் செம்பருத்தி இருக்கிறது, இதழின் நரம்பு எதுவும் இல்லை. சிவப்பாக ஒரு திட்டு மட்டும். காரணம், கேமராவின் கண்ணில் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான் சிவப்பைப் பார்க்கிறது; இரண்டு பச்சைக்கு, ஒன்று நீலத்துக்கு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. செம்பருத்தியிலிருந்து வருவது பெரும்பாலும் சிவப்பொளியே என்பதால், தனியாக உழைக்கும் அந்தச் சிவப்புப் புள்ளி நிரம்பி வழிந்துவிடுகிறது. ஒளியைக் கொஞ்சம் குறைத்து எடுத்தால் நரம்பு திரும்பி வரும். ஆனால் அதற்குள் செம்பருத்தி சுருங்கத் தொடங்கிவிடும்; அதன் ஆயுள் ஒரு நாள், மலர்ந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். பிரிதல் இங்கே செடிக்கும் பூவுக்கும்.

அரளியையும் செங்காந்தளையும் கையாண்டபின் கைகழுவுக. பின்னது மாநில மலர், இரண்டும் நஞ்சு. சாப்பாட்டு மேசையை ஆய்வுமேசையாகப் பயன்படுத்துவோர் இந்த வரியை இருமுறை படிக்க.

7. குறிஞ்சி: நள்ளிரவும் கூடலும்

குறிஞ்சிக்குப் பொழுது யாமம், உரிப்பொருள் கூடல். இவ்விரண்டும் ஒருசேர நிகழ்ந்தது ஒரு பிரம்மகமலத்தால்.

சென்னைப் புறநகரில் பிரம்மகமலம் என்று தொட்டியில் வளர்ப்பது உண்மையான பிரம்மகமலம் அன்று. அது இமயமலைப் பூ, உத்தராகண்டின் மாநில மலர். நம்முடையது மெக்சிகோப் பக்கத்துக் கள்ளி; இலை போலத் தெரிவது தண்டு; நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். இரவு ஒன்பது மணிக்கு வாய் திறந்து, நள்ளிரவில் முழுதாய் விரிந்து, விடியலில் துவண்டுவிடும். ஒரு வீட்டில் பூக்கப்போகிறது என்றால் தெருவுக்கே சொல்லிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டில் அன்று பூத்தது. தூறல் விழுந்ததால் தொட்டியைத் தூக்கி எங்கள் கூடத்தில் வைத்தார்கள். பதினொன்றரை மணிக்குக் கூடத்தில் பதினான்கு பேர். கற்பூரம் காட்டியாயிற்று. தாயார் மணி அடித்தார். பதினோரு செல்போன்கள் தொட்டியைச் சூழ்ந்தன. எல்லாரும் எடுத்தபின் ஆய்வாளர் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, பூவிலிருந்து ஓர் அடியில் பிடித்து ஒன்று எடுத்தார். திரையில் காட்டினார்.

கும்மிருட்டின் நடுவே பூ மட்டும் நின்றது. உள்ளங்கை அகல வெள்ளை இதழ்கள், அடியில் வளைந்த குழல், நடுவே சூலகமுடி வெள்ளைச் சிலந்திபோல் கால் விரித்தபடி. சுற்றிலும் ஒன்றுமில்லை.

“அங்கிள், நாங்கல்லாம் எங்க?” என்றது ஒரு குழந்தை.

“நாங்க பின்னாடிதானே தம்பி நின்னோம்? ஒருத்தரையும் காணோமே” என்றார் அதன் பாட்டி.

விளக்கம் இது. ஒளி தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஃபிளாஷிலிருந்து ஓர் அடியில் உள்ள பூவுக்கு ஒரு பங்கு வெளிச்சம் என்றால், எட்டடியில் உள்ள சுவருக்கு 64-ல் ஒரு பங்குதான். பூவுக்குப் பொருந்த லென்ஸின் வாயைச் சுருக்கிவிட்டால் சுவருக்கு எதுவும் மிஞ்சாது. டியூப்லைட்டோ இந்தக் கணக்கில் வரவே வராது. அதன் வெளிச்சம் தேவையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கறுப்புத் துணி தொங்கவிடத் தேவையில்லை. எரிகிற விளக்குக்கு நடுவில், பதினான்கு பேருக்கு முன்னால், வீட்டையே அணைத்துவிடலாம். அத்தனை பேர் இருந்தும் சாட்சி ஒருவரும் இல்லை என்பதால் இதைக் களவொழுக்கத்தின் சிறந்த எடுத்துக்காட்டாகக் கொள்க.

மறைந்த சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016-ல் அதற்கு என்ன வண்ணம் அடிப்பது என்று இவ்வீட்டில் மூன்று வாரம் பேச்சு நடந்தது. தாயார் சந்தன நிறம் என்றார், மனைவி இளம்பச்சை என்றார். பச்சை வென்றது. இரண்டு கோட்டு அடித்தோம். எந்தப் பூவை எடுத்தாலும் அந்தப் பச்சை படத்தில் விழாதபடி ஆய்வாளர் பார்த்துக்கொள்கிறார்.

8. முடிவுகள்

ஒன்று: பூ எல்லாத் திணையிலும் ஒன்றே. மாறுவது பின்னால் உள்ளது. பழந்தமிழர் நிலத்துக்குப் பூவின் பெயரை வைத்தார்கள்; குறிஞ்சி என்றால் பூவும் அதுவே, மலையும் அதுவே. முன்புலம், பின்புலம் என்று பிரித்தவர்கள் நாம்.

இரண்டு: வீட்டுக்குள் பூவைப் படம் எடுப்பவர் சாமிக்கும் கூந்தலுக்கும் பிறகு மூன்றாவதாக நிற்கப் பழக வேண்டும்.

மூன்று: புடவை எடுக்குமுன் கேட்க.

நான்கு: நெய்தல் திணைக்கு இவ்வாய்வில் படம் இல்லை. அதற்குரிய பூ ஒரே முறை வந்தது.

பின்னிணைப்பு: படம் எண் 0

2015 நவம்பரில் ஒருமுறை, டிசம்பர் தொடக்கத்தில் மறுமுறை, முடிச்சூருக்குள் தண்ணீர் வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. எங்கள் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். அரிசி மூட்டை, சர்டிபிகேட் பை, சாமி படங்கள், கேமரா எல்லாம் மேலே வந்துவிட்டன. ஆல்பங்கள் வரவில்லை. பூ ஜடைப் படங்கள் அவற்றில்தான் இருந்தன. பிறகு பிரித்துப் பார்த்தபோது ஒன்றோடொன்று ஒட்டி, உரித்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

மதியத்துக்கு மேல், வாசல் வழியாக ஆகாயத்தாமரை ஒரு கொத்து உள்ளே வந்தது. கூடத்தை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, டி.வி. ஸ்டாண்டில் இடித்து, சுவரோரம் நின்றது. அதில் ஒரு பூங்கதிர். வெளிர் ஊதா இதழ்கள். மேலிதழில் மட்டும் நீலத் திட்டு, அதன் நடுவில் மஞ்சள் பொட்டு, மயில்கண் மாதிரி. யாரும் பறிக்காமல், முழம் போடாமல், தானாக வீட்டுக்குள் வந்த பூ அது ஒன்றுதான். சாமி மாடியில் இருந்தது. கூந்தலைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. கேமராவுக்கு முதல் உரிமை கிடைத்த ஒரே நாள். கேமரா மடியில்தான் இருந்தது, ஃபிளாஷில் செல்லும் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

ஆவணத்துக்காக: பூ, ஆகாயத்தாமரை. பொழுது, எற்பாடு. பின்புலம், வண்டல் நிறத் தண்ணீர். வெளிச்சம், மாடிப்படி ஜன்னல். படம், இல்லை.

தண்ணீர் வடிந்தபின் சுவரில் ஒரு கோடு நின்றது. அதன்மேல்தான் 2016-ல் இரண்டு கோட்டு இளம்பச்சை அடித்தோம். ஆண்டுதோறும் கார்த்திகை மழையில் ஈரம் ஏறி, அதே உயரத்தில் பெயிண்ட் உப்பி, வெள்ளையாக உப்பு பூக்கிறது. உப்புப் படிந்தால் பூத்தது என்றுதான் தமிழில் சொல்கிறோம். உப்பு விளைவது நெய்தல் நிலத்தில் என்பதும் தெரிந்ததே.

வெயில் இவ்வளவு அடிக்கும்போது எதற்கு லைட்டு என்ற வினாவுக்கு விடை அந்தச் சுவரில் இருக்கிறது. சென்ற கார்த்திகையில் ஒருநாள் காலை ஃபிளாஷ் போடாமல், ஜன்னலிலிருந்து சாய்ந்து விழுந்த வெளிச்சத்தில், சுவரை நெருங்கிப்போய் ஒன்று எடுத்தேன். பின்புலம் என்று எதுவும் தேவைப்படவில்லை, பின்புலமே பூத்திருந்தது.

மனைவியிடம் காட்டினேன். “நல்லா வந்திருக்குங்க. என்ன பூ இது?” என்றார்.